சர் எட்மண்டின் வாக்கு

மெல்பர்னில் அந்தக் கிளப்பில் ஒருவரைச் சேர்ப்பதென்றால், குழுவினர் ஆளுக்கொரு உருண்டையைப் பெட்டிக்குள் போட்டு வாக்களிப்பார்கள். ஒரேயொரு கறுப்பு உருண்டை விழுந்தாலும் வந்தவர் வெளியேதான்.

எஞ்சினியர் பஞ்சாட்சரம் இரண்டு முறை வெளியே போனவர். இரண்டு முறையும் வாக்களித்தவர்கள் பன்னிரண்டு பேர். பெட்டியில் பதின்மூன்று உருண்டைகள். பன்னிரண்டு வெள்ளை, ஒன்று கறுப்பு. யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஆனாலும் விதி விதிதான்.

1974இல் மூன்றாம் முறையாகப் போனார். கூடத்தில், கிளப்பை நிறுவிய சர் எட்மண்ட் ஹாலோவேயின் பெரிய ஓவியம் தொங்கியது. நூறு வருஷத்துக்கு முந்திய அரசியல்வாதி. வெள்ளையரல்லாத எவரையும் இந்நாட்டில் கரையிறங்க விடக்கூடாதென்று சபையில் முழங்கிய கனவான். ஓவியத்தில் வலது கையை இறுகப் பொத்தியிருந்தார்.

பஞ்சாட்சரம் டையைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“நான் விடமாட்டன் ஐயா,” என்றார் தமிழிலேயே. “இந்த முறையும் இல்லையெண்டால் அடுத்த வருஷமும் வருவன்.”

இம்முறையும் பன்னிரண்டு பேர்தான் வாக்களித்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். பதின்மூன்று உருண்டைகள். பதின்மூன்றும் வெள்ளை.

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள்.

ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தவரின் கையை மனைவி இரஞ்சிதம் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்க எண்ணெய்ச் சாயம், வெள்ளைக்காரரின் தோல்நிறத்தில், இன்னும் காயாமல்.

“இதென்னப்பா, ஆர் உங்களுக்குக் கை குடுத்தது?”

“எல்லாரும்,” என்றார் பஞ்சாட்சரம். “ஒருத்தரும் மிச்சமில்லை.”