திருத்தப்பட்ட கதவு

அந்தக் கதவின் மென்பொருளில் ஒரு குறை இருந்தது. செல்போனில் காட்டப்படும் நுழைவுச் சான்றிதழ் இந்த வீட்டுக்குரியதா என்று பார்க்கும்; காலாவதியாகிவிட்டதா என்று பார்க்காது. "கண்டவனெல்லாம் உள்ள வந்துடுவான், அப்டேட்டைப் போட்டுத் தொலைடா" என்று மகனை நச்சரித்துக்கொண்டிருந்தவர் சிங்காரவேலுதான். அவர் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் மகன் முத்தரசு அதைப் போட்டு முடித்தான். திரும்பி வந்தவர் வழக்கம்போல் செல்போனைக் கதவில் காட்டினார். கதவு திறக்கவில்லை. உள்ளே, சுவரிலிருந்த திரை ஒளிர்ந்தது: 'இவரது சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. இருந்தாலும் அனுமதிக்கவா?'

"டேய், அப்பாதாண்டா. மழை பெய்யுது, தொற."

முத்தரசு விரலை நீட்டினான். தொடாமல் மனைவியைப் பார்த்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செண்பகா எழுந்து வந்து, கேள்வியை நிதானமாகப் படித்தாள்.

வெளியே அவர் சிரித்தார். "நல்லாத்தான் வேலை செய்யுது. சோதிச்சுப் பாத்தது போதும், தொறடா."

'வேண்டாம்' என்பதை முத்தரசுதான் தொட்டான். உடனே அதன் கீழே கடுகளவில் ஒரு கட்டம் தோன்றியது: 'இவரைப் பற்றி இனிக் கேட்காதே.'

ஈர விரலைத் திரை ஏற்காது. செண்பகா கையைப் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.