கடல் மோசம்

"அடுத்த மாசம் மட்டும் வேண்டாம் சார். கடல் ரொம்ப மோசமா இருக்கும்" என்றார் டிராவல்ஸ்காரர்.

கணவன் அவரையே பார்த்தான். வீடு வீடாக மின்சார மீட்டர் சோதிக்கிற வேலை அவனுக்கு. யார் எதைச் சொன்னாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற ஆள்.

"எனக்கு லீவே அடுத்த மாசம்தான் கிடைச்சிருக்கு" என்றாள் மனைவி. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் போகக் கேட்ட தீவுக்கூட்டத்தின் கடைசித் தீவில் கடற்பறவைகள் குஞ்சு பொரிப்பதைப் பார்க்கவேண்டும் என்பது அவளுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய ஆசை.

"காட்டுக்குப் போங்களேன். மான் கூட்டம் கூட்டமா வரும்."

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "காட்டுல இவருக்குக் கமிஷன் அதிகம். நம்ம காதுல பூ சுத்தறார்."

"உங்களுக்கு எல்லாருமே திருடங்கதான்."

மறுநாளே தீவுப் படகுக்காரரின் நம்பரைப் பிடித்துவிட்டான். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"அடுத்த மாசமா? கடல் தட்டு மாதிரி கிடக்குமே. தாராளமா வாங்க. உங்க ஊர் டிராவல்ஸ்காரர்தான் அந்தச் சமயத்துல ஒருத்தரையும் அனுப்ப மாட்டேங்கறார்."

"கேட்டியா? கிளம்பு. கடையில நாலு பேர் இருந்தா நல்லது. அவங்களுக்கும் இவர் யோக்கியதை தெரியட்டும்."

டிராவல்ஸ் கடையில் வேறு யாரும் இல்லை. படகுக்காரர் சொன்னதை அவன் சொல்லி முடிக்கும்வரை டிராவல்ஸ்காரர் குறுக்கே பேசவில்லை.

"கடல் நல்லாத்தான் இருக்கும் சார்."

"அப்புறம் எதுக்குப் பொய்?"

"அப்பதான் அதுங்க வெறும் மணல்ல முட்டை போட்டு அடைகாக்கும். ஆள் இறங்கினா தாய் எழுந்து பறந்துடும். திரும்பி வர்றதுக்குள்ள வெயில்ல முட்டை வெந்துடும்."

"நாங்க ஓரமா நின்னு பார்த்துட்டு வந்துடுவோமே."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. முட்டைக்கு ஆபத்துன்னா ஒருத்தரும் நிக்கறதில்லை. அவங்க உயிருக்கு ஆபத்துன்னா உடனே நின்னுடறாங்க."

மனைவி, வரும் வழியில் வாங்கி மடியில் வைத்திருந்த புது பைனாகுலரை உறைக்குள் போட்டு மூடினாள்.

"வார்டுல கூட்டத்தைக் கலைக்க, டாக்டர் வர்றார்னுதான் நானும் சொல்றேன்" என்றாள்.



அப்போது கதவு திறந்தது. கழுத்தில் பெரிய கேமராக்களோடு இரண்டு பேர்.

"அடுத்த மாசம் கடைசித் தீவுக்குப் போகணும். ஏற்பாடு பண்ண முடியுமா?"

டிராவல்ஸ்காரர் மீட்டர்காரனைப் பார்த்தார்.

அவன் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"அடுத்த மாசமா? இவர் பேச்சை நம்பாம நான் படகுக்காரர்கிட்டயே விசாரிச்சுட்டேன் சார். கடல் ரொம்ப மோசமாம்."