பதினைந்தாவது வாசல்

ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. நடுவில் வேறு எந்த வாசலிலும் நிற்கக் கூடாது என்பது துரையின் கண்டிப்பு.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்ட வருஷம். ஜொகூரில் எங்கெங்கே பட்டினி என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் கொண்டுவரச் சொல்லி, அந்த வெள்ளைக்காரத் துரையைச் சர்க்கார் அனுப்பியிருந்தது. பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் பானை காலி என்றால் அந்தத் தோட்டத்துக்குச் சிவப்பு. இல்லையென்றால் பச்சை. சிவப்புக்கு அரிசி மூட்டை வரும். பச்சைக்குக் குருணைகூட வராது.

வீடு எண்ணுவதும் துரைக்கு மொழிபெயர்ப்பதும் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி கனகராஜின் வேலை. வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, பளபளவென்று சப்பாத்து. தஞ்சாவூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம் என்று ஆபீஸ் முழுக்க அளந்து வைத்திருக்கிற ஆள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தச் சின்னத் தோட்டத்தில் ஒரே லயம், ஒட்டினாற்போல் வரிசையாகப் பதினாறு வீடு. ஐந்தாவது வீட்டில் பானை காலி. பத்தாவதில் அரிசி இருந்தது. இனிப் பதினைந்தாவது வீடுதான் முடிவு சொல்ல வேண்டும்.

பதின்மூன்றைத் தாண்டும்போதே கனகராஜ் தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டான்.

பதினைந்தாவது வாசலில் வெள்ளையம்மா நின்றிருந்தாள். துரை பார்ப்பாரே என்று வெறும் பானையைக் கழுவிக் கையில் தயாராக வைத்திருந்தாள். கனகராஜைக் கண்டதும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

ஐயையோ, வாயைத் திறந்து கூப்பிட்டுத் தொலைக்கப் போகிறாளே!

அவன் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டி நடந்தான். கோடியில் பதினாறாவதாக இருந்த கங்காணி வீட்டின் முன்னால் போய் நின்று, “இதுதான் பதினைந்து” என்று துரையிடம் சொன்னான்.

கங்காணி வீட்டுக்கு என்ன குறைச்சல்? உள்ளே இரண்டு மூட்டை அரிசி சாய்த்து வைத்திருந்தது.

பதினான்காவது வீட்டுச் செல்லத்துக்குப் பொறுக்கவில்லை. “அலமாக்! வெள்ளையம்மாக்கா வீட்ட உட்டுட்டுப் போறீங்களே! தப்பா எண்ணிட்டீங்க, கிராணி ஐயா!”

வெள்ளையம்மா பானையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவளை அதட்டினாள்.

“சும்மா இருலா. எங்கம்மா செத்தப்புறம் நான் தூக்கி வளத்த தம்பி அவன். ரப்பர்ப்பால் புடிக்கிற மங்குக் கிண்ணத்த அடுக்கி வச்சு, எண்ணக் கத்துக்குடுத்ததே நான்தான். அவன் எண்ணினா சரியாத்தான் இருக்கும்.”

கனகராஜின் காதில் அது நன்றாகவே விழுந்தது. அப்படியே செத்துப் போய்விடலாம் போல் அவமானமாக இருந்தது அவனுக்கு. இப்போதுகூட ஒன்றும் கெட்டுவிடவில்லை. தப்பாக எண்ணிவிட்டேன் என்று திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

துரை பச்சைப் பென்சிலைக் கையில் எடுத்தபடி, வெள்ளையம்மாவைக் காட்டி, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

“அவள் வீட்டிலும் அரிசி இருக்கிறதாம், துரை.”