தேய்ந்த முனை

"இருக்கறதுலயே மோசமா எழுதற பேனா எதும்மா?"

கடைப் பெண் தலை நிமிர்ந்தாள். டச் ஸ்கிரீனில் எழுதும் பேனாக்களுக்கென்றே ஒரு முழு அலமாரி அவள் பொறுப்பில் இருந்தது. இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று அவள் முகமே சொன்னது.

லிஃப்ட் மெக்கானிக் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். ஆறு வாரமாக அவரே இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தார்.

மாலை வகுப்பில் வீட்டு அலங்காரம் படிக்கும் மனைவிக்கு டேப்லெட் வாங்கித் தந்தது அவர்தான். தன் பெயரிலேயே கணக்குத் திறந்து கொடுத்ததால், அதில் எழுதும் பக்கமெல்லாம் அவர் ஃபோனிலும் வந்து விழும். மனைவிக்கு அது தெரியாது. வகுப்புப் பாடமாக இருக்கும் என்று முதலில் அவரும் திறந்து பார்க்கவில்லை.

திறந்து பார்த்த அன்று மோட்டார் அறையின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

'ஆறு மணிக்காக நாள் முழுக்கக் காத்திருக்கிறேன். நேற்று நீங்கள் போட்டிருந்த ஊதாச் சட்டை கண்ணிலேயே நிற்கிறது' என்றது ஒரு பக்கம். 'இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்? அவன் வருவான், சாப்பிடுவான், ஃபோனை நோண்டுவான், படுத்துவிடுவான்' என்றது அடுத்தது.

ஊதாச் சட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். கட்டின மனைவி தன்னை 'அவன்' என்று எழுதிவிட்டாளே என்பதுதான் நெஞ்சைப் பொசுக்கியது. கோபத்தில்கூட அவள் வாயில் அப்படி வந்ததில்லை.

ஆறு மணி என்றால் அவள் வகுப்பு நேரம். போகிற வழியில் அவருடைய அம்மாவை நடப்பதற்குப் பூங்கா வாசலில் விட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் அவர் அரை நாள் விடுப்புப் போட்டு வகுப்புக்கு எதிரே ஒளிந்து நின்றார். ஆண்கள் பதினோரு பேர் உள்ளே போனார்கள். ஊதாச் சட்டை ஒன்றுகூட இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான், கைகாரன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

இன்று காலையில் மனைவி, பேனா முனை தேய்ந்துபோய்விட்டது, வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள் என்றாள். சோப்புத் தீர்ந்துவிட்டது என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். முனையே தேய்கிற அளவுக்கு எழுதியிருக்கிறாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவருக்கு அவள் ஒரு வரி எழுதியதில்லை.

"மோசமானதுன்னா இந்த ரப்பர் முனைதான் சார்," என்று கடைப் பெண் தடித்த பேனா ஒன்றை நீட்டினாள். "கட்டை விரலால எழுதற மாதிரி இருக்கும். எழுத்து மேல எழுத்து ஏறும்."

அவருக்குத் திருப்தியாக இருந்தது. பில் போடச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். எழுத வராவிட்டால் அவள் எழுதுவதையே விட்டுவிடுவாள். அந்த ஆள் யார் என்பது பிறகு எப்படித் தெரியும்? இதுவரை ஒரு பக்கத்திலும் பெயர் வரவில்லை.

"நல்லதா ஒண்ணு காட்டும்மா."

"இப்பதானே சார் மோசமானது கேட்டீங்க?"

"மனுஷனுக்கு மனசு மாறக்கூடாதா?"

அவள் மெல்லிய முனை வைத்த ஒன்றை எடுத்தாள். கை திரையில் படிந்தாலும் கோடு விழாது, அழுத்தினால் எழுத்து தடிக்கும், மாற்று முனைகளும் பெட்டியிலேயே இருக்கின்றன என்று ஒப்பித்தாள். அவர் வேறொன்று கேட்டார்.

"இதுல எழுதினா கையெழுத்து மாறிடுமா? வீட்டுல எழுதினதைப் பார்த்தேன். அவ கையெழுத்து மாதிரியே இல்ல."

"கண்ணாடி வழுக்கும் சார். என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியாது. வீட்டம்மாவுக்கா வாங்கறீங்க?"

"ம்."

"குடுத்து வச்சவங்க."

அந்தச் சொல் எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எழுதிப் பார்க்கச் சொல்லிக் கடை டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினாள். ஊதாச் சட்டைக்காரன் என்ன எழுதுவான்? மனைவிக்கு இனிக்கிற மாதிரி ஒரு வரி யோசித்தார். பேனா திரைமேல் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் 'லிஃப்ட் பழுது' என்று எழுதினார். எழுத்து அழகாக விழுந்தது.

வீட்டை அடைந்தபோது மணி ஐந்தேகால். பேனாவைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பது, அது மலர்ந்தால் அந்த இடத்திலேயே 'யார் அவன்?' என்று கேட்டுவிடுவது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தார். கேட்ட பிறகு இந்தக் குடும்பத்தில் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. கேட்காமல் இன்னொரு நாள் ஓட்டவும் தெம்பில்லை.

மனைவி வகுப்புக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டிருந்தாள். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தேவிட்டது.

"இவ்வளவு உசந்ததாவா வாங்கிட்டு வந்தீங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேள்வி உதடு வரை வந்துவிட்டது.

அவளோ பெட்டியைப் பிரிக்காமலே உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அத்தை, உங்க பேனா வந்தாச்சு."