பவுன் கேட்காத சம்பந்தம்

“உங்க வீட்டுக்காரர் இறந்தப்ப என்ன வயசுங்க?”

ராசம்மாளுக்குத் திக்கென்றது. பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்கிற கேள்வியா இது?

வேதாரண்யத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகத் தரகர் கோவிந்தராசு சொல்லியிருந்தார். நீடாமங்கலம் பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு பெண்கள் வந்தார்கள். பையும் பேனாவுமாக ஓர் இளம்பெண். அவளுக்குப் பின்னால் வெயிலில் களைத்துப்போன ஒரு பெரியவள். “வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்” என்று ராசம்மாள் இருவரையும் பேசவிடாமல் உட்கார வைத்தாள். பெரியவள் துணைக்கு வந்தவள் போலத் தெரிந்தது. ஆனாலும் அவளுக்குத்தான் முதலில் மோர் கொடுத்து, காற்றாடியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நாப்பத்தி ரெண்டுங்க. கூலிப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனாரு. அப்புறம் ஒடம்பு தேறவே இல்ல.”

இளம்பெண் எழுதிக்கொண்டு, மகள் எதுவரை படித்திருக்கிறாள் என்றாள். பத்தாவது என்று சொல்லும்படி பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. ராசம்மாள் சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்தாள்.

“எட்டாவதுங்க. அவரு போனப்புறம் எங்கூட நடவுக்கு வந்துட்டா.”

“இந்தக் காத்தாடி உங்களுதா?”

“பொன்னுத்தாய் வீட்டுதுங்க. நாற்காலியும்தான்.”

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. மகள் தங்கமணி தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

குடிதண்ணீர், கழிப்பறை, மனைப்பட்டா என்று கேள்வி நீண்டதே தவிர, எத்தனை பவுன் என்ற பேச்சே வரவில்லை. பெரியவளோ வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். குழம்பிப்போன ராசம்மாள், இதுவரை எத்தனை வீடு பார்த்தீர்கள் என்று மெல்லக் கேட்டாள்.

“நூறு வீட்டுக்கு மேல இருக்கும். சிலோன், ஜப்பான்னு எல்லா நாட்டோடயும் ஒப்பிட்டுப் பாப்போம். நம்மளவிட சிலோன் மேலங்க.”

ஜப்பானில்கூடவா பெண் தேடுகிறார்கள்? ராசம்மாள் அவசரமாகக் கேசரித் தட்டை நீட்டினாள்.

“பொண்ண ஒரு தடவயாவது பாத்துட்டுப் போங்கம்மா.”

“எந்தப் பொண்ணுங்க?” இளம்பெண் விழித்தாள். “எந்த நாட்டு ஜனங்க நல்லா வாழறாங்கன்னு கணக்கெடுக்க வந்திருக்கேன் நான்.”

“அப்ப இவங்க?”

“உங்க சொந்தக்காரங்கன்னுல்ல நெனச்சேன்.”

பெரியவள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். “பையனோட அம்மா நான்தான். கேக்கவேண்டியதெல்லாம் இந்தப் புள்ளயே கேட்டுருச்சு. பொண்ண வரச் சொல்லுங்க, சம்பந்தி.”