அரிசி லாரி

"நடக்க முடியாத மனுஷனையும் தூக்கிட்டு வந்தாத்தான் அரிசி கொடுப்பியா? உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

மேட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று கத்தினான் இசியோங். மிலா அசைந்து கொடுக்கவில்லை. நிவாரண சங்கத்தின் நீலச் சட்டையைப் போட்டதிலிருந்தே அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாக ஊரில் ஏற்கெனவே பேச்சு.

"சங்கத்துல அப்படித்தாண்ணே சொல்லியிருக்காங்க. வீட்டுல இருக்குற அத்தனை பேரும் நேர்ல வரணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் லாரியிலேருந்து மூட்டை இறங்காது. யாருக்குமே இறங்காது."

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. ஊர் மொத்தமும் இசியோங்கை முறைத்தது.

முறைக்காமல் என்ன செய்யும்? மலை கக்கிய சாம்பலில் தென்னையும் வாழையும் கருகியதிலிருந்து எல்லா வீட்டிலும் அவித்த மரவள்ளிதான். இப்போது அதுவும் தீர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி என்று காலையில் மிலா வீடு வீடாகச் சொல்லிப் போனதும், கோழியைக்கூட அடைக்காமல் வெறும் சாக்குகளோடு மேடேறி வந்த ஜனங்கள்.

"போய்த் தூக்கிட்டு வாயேன்டா. உன் ஒருத்தனால எங்க பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?" என்றாள் கோரிங். அவள் இடுப்பில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

இசியோங் திட்டிக்கொண்டே இறங்கிப் போனான். கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, படுத்த படுக்கையாயிருந்த தன் அப்பா இங்கோ கிழவரை மூங்கில் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தான். கிழவர் வழியெல்லாம் வலியில் முனகினார்.

"கொண்டு வந்துட்டேன். எங்கே உன் லாரி?"

"வந்துக்கிட்டே இருக்குண்ணே."

லாரி வருவதானால் தெற்கே பாலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். மிலாவோ வடக்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே மண்டையைப் பிளக்கும் வெயில். மலை உச்சியில் மட்டும் கருமேகம் குந்தியிருந்தது.

அவள் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. மிலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"பாத்தீங்களா? எவன்கிட்டயோ விலை பேசறா. நம்ம அரிசி சந்தைக்குப் போயாச்சு" என்றது ஒரு குரல். அதற்கப்புறம் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள்.

கோரிங்கின் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. அழத் தெம்பில்லை. அவள் ஓடிவந்து மிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பிடி அரிசி இருந்தாக் கொடு தாயி. கஞ்சி வெச்சுக் குடிச்சாலாவது கொஞ்சம் பால் ஊறும். நேத்துலேருந்து ஒரு சொட்டு வரலை எனக்கு."

மிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்றவள் ஒருத்தி இப்படிக் கெஞ்சினால் கல்லும் இரங்கும். இவள் என்ன ஜென்மமோ!

இசியோங்குக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "போதும். மலையிலேருந்து சேறு வருது, ஓடுங்க ஓடுங்கன்னு எத்தனை தடவை மணியடிச்சா இவ? ஒரு தடவையாவது வந்துச்சா? வீட்டுக்குத் திரும்பிப் போனா என் பன்னியைத்தான் காணோம். இப்போ லாரியாம். கிளம்புங்க எல்லாரும்."

கூட்டம் எழுந்தது. கிழவரின் நாற்காலியையும் தூக்கினார்கள். மிலா ஓடிப்போய் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"போனா அரிசி கிடையாது."

"உன் அரிசியை நீயே தின்னு. கதவைத் திற."

"மாட்டேன்."

இசியோங் இடுப்பிலிருந்த வெட்டரிவாளை உருவினான். யாரும் தடுக்கவில்லை. "சாவியைக் கொடு மிலா. கையோட எடுத்துக்க வெச்சுடாதே."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "இன்னும் கொஞ்ச நேரம்ணே. உங்க கால்ல வேணா விழறேன்."

அந்த நேரத்தில் தூரத்தில் கடகடவென்று ஒரு சத்தம். கனமான சத்தம். தரை லேசாக அதிர்ந்தது.

"லாரி வந்துடுச்சு" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில். திட்டிய வாய்களெல்லாம் சிரித்தன. சாக்கை உதறிக்கொண்டு முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். சத்தம் வளர்ந்துகொண்டே போனது. அது வடக்கேயிருந்து வருகிறது என்று முதலில் கண்டது, நாற்காலியில் சாய்ந்து கிடந்த இங்கோ கிழவர்தான். அவர் கை நீட்டிய திசையில் எல்லாரும் திரும்பினார்கள்.

மலை உச்சி மழையில் கரைந்த சாம்பலும் பாறையும் மரங்களும் ஆற்றுத் தடத்தில் சேறாக இறங்கிக்கொண்டிருந்தன. முதலில் இசியோங்கின் வீடு போனது. அடுத்து கோரிங்கின் வீடு, சந்தை, மாதா கோயில், கடைசியில் பாலம். அடுப்பில் சோறு பொங்கும் நேரம்கூட ஆகவில்லை. ஊர் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு ஓடிக்கொண்டிருந்தது.

யாரும் யாரையும் பெயர் சொல்லித் தேடவில்லை. தேட வேண்டிய அத்தனை பேரும் பக்கத்திலேயே நின்றார்கள்.

இசியோங் அப்பாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அரிவாளை எங்கே போட்டானென்று அவனுக்கே தெரியாது. கோரிங்கின் குழந்தை மறுபடி சிணுங்கவும், பசி எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

"பாலமும் போயிடுச்சே மிலா" என்றான் இசியோங். "இனிமே லாரி எந்த வழியா வரும்?"

கதவடியில் கால் மடங்கி உட்கார்ந்திருந்த மிலா, அழுத முகத்தோடு நிமிர்ந்தாள்.

"லாரியே கிடையாதுண்ணே."