அப்பா கொடுத்த ரத்தம்

"வேற யாரோடதும் வேணாம் டொக்டர், என் ரத்தத்தையே எடுங்க" என்று சின்னமுத்து கையை நீட்டினார்.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் விழுந்து அடிபட்ட அவருடைய மகள் சந்திரிகா, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் வெளிறிப்போய்க் கிடந்தாள். முகம் தெரியாதவர்களின் ரத்தத்தில் என்ன நோய் இருக்குமோ என்று அவருக்குப் பயம். தாதி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சட்டுச்சட்டென்று பதில் சொன்னார்.

சந்திரிகா பிழைத்து வீட்டுக்குப் போனாள். மூன்றாவது வாரம் குளிர் காய்ச்சல் தூக்கிப்போட, மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

டொக்டர் சின்னமுத்துவைத் தனியே அழைத்தார். "மலேரியா. மகள் காட்டுப் பக்கம் எங்கயாவது போனாளா?"

"இல்லீங்க. தோட்டத்த விட்டு எங்கயும் போனதில்ல."

"நீங்க?"

"போன வருசம் எலஹெரக் காட்டுல மாணிக்கக் குழியில எட்டு மாசம் வேல செஞ்சேன். ஆனா எனக்கு ஒரு நாளும் காய்ச்சல் வரலீங்க."

"காய்ச்சல் வராமலே கிருமி ரத்தத்துல இருக்கும். அதுக்குத்தானே மலேரியா உள்ள பக்கம் போனீங்களான்னு தாதி அன்னைக்குக் கேட்டாங்க? ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா என் ரத்தத்த எடுக்க மாட்டாங்கன்னு..."

மருந்து ஏறியும் பலனில்லை. மறுநாள் மாலை சந்திரிகா கண்ணை மூடினாள்.

ஒன்றும் அறியாத மனைவி பேச்சியம்மா, அழுதபடி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒரு கொறையும் வைக்கலீங்க. இந்த மூணு கிழமையாவது உங்க ரத்தத்துலதானே புள்ள உசிரோட இருந்தா!"